பத்துப் பேர், ஆறு மாதம்: தைக்கிற கைகளுக்காக எதைச் செய்வது?

பத்துப் பேர் சேர்ந்துவிட்டீர்கள். கல்லூரி மன்றமாக இருக்கலாம், அலுவலக நண்பர்களாக இருக்கலாம், வாசகர் வட்டமாகவும் இருக்கலாம். நாம் போட்டிருக்கும் துணியைத் தைத்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஆளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும். ஆறு மாதம் தாக்குப்பிடிப்பீர்கள். கையில் பெரிய பணம் இல்லை.

முதல் கூட்டத்தில் வழக்கமாக வரும் யோசனைகள் எனக்கு மனப்பாடம். ஆவணப்படம் போடலாம். பழைய துணிகளை மாற்றிக்கொள்ளும் நாள் நடத்தலாம். எந்த லேபிளை நம்பலாம் என்று ஒரு கையேடு தயாரிக்கலாம். ஏதாவது ஒரு பிராண்டைப் புறக்கணிக்கச் சொல்லலாம். பிராண்டுக்குக் கடிதம் எழுதலாம். கடைசியாக, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தயங்கித் தயங்கி, "நாமே வருஷா வருஷம் டி-ஷர்ட் அடிக்கிறோமே, அது எங்கே தைத்து வருகிறது?" என்று கேட்பார். அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கூட்டம் ஆவணப்படத்துக்குத் திரும்பிவிடும். நான் இருந்த குழுவிலும் அப்படித்தான் நடந்தது.

எல்லாமே நல்ல காரியம்தானே, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்வோம் என்று தோன்றும். பத்துப் பேரால் அது முடியாது. மூன்றாவது மாதம் நாலு பேர்தான் வருவார்கள். அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்ந்தெடுக்க ஒரு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலை நான் ஒரு விரிசலிலிருந்து எடுக்கிறேன்.

2013 ஏப்ரல் 23. வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். உள்ளே ஐந்து ஆயத்த ஆடை ஆலைகள், கீழ்த்தளங்களில் கடைகள், ஒரு வங்கிக் கிளை. அன்று கட்டடத்தில் விரிசல்கள் கண்ணுக்குத் தெரிந்தன. வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. கடைகள் மூடப்பட்டன. மேலே தைப்பவர்களை மட்டும் மறுநாள் காலை வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டதாகப் பிழைத்தவர்கள் பலர் பின்னால் சொன்னார்கள். 24-ஆம் தேதி காலை கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் சுமார் 2,500 பேர்.

உள்ளே போனவர்களுக்கு விரிசலைப் பற்றித் தெரியாதா? அவர்கள்தான் அதை முதலில் பார்த்தார்கள். "போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் வேலையில் இருக்கும் பலம்தான் அவர்களிடம் இல்லை. அந்த ஐந்து ஆலைகளில் ஒன்றில்கூடத் தொழிற்சங்கம் கிடையாது.

வெளியே இருந்தவர்களுக்கும் தெரியாமல் இல்லை. வங்கதேச ஆலைகளில் தீயும் கட்டட ஆபத்தும் தொடர்ந்து உயிர் வாங்குவதைப் பார்த்து, தொழிற்சங்கங்கள் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தன. நான்கு பெரிய பிராண்டுகள் கையெழுத்திட்டால் அது அமலுக்கு வரும். 2012 முடியும்போது கையெழுத்திட்டிருந்தவை இரண்டு. ராணா பிளாசா விழுந்து ஒரு மாதம் ஆவதற்குள் பல பத்து பிராண்டுகள் வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டன. காகிதம் முன்பே இருந்தது. கையெழுத்துதான் பிணங்களுக்குப் பிறகு வந்தது.

ஆகவே ஒவ்வொரு யோசனையிடமும் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். இதைத் தொழிலாளர்கள் கேட்டார்களா, இல்லை நாமாக முடிவு செய்தோமா? இது வெற்றி பெற்றால் யார் எதில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்? கையெழுத்துப் போட்டவர் வாக்குத் தவறினால் அவருக்கு என்ன நஷ்டம்? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான யோசனைகள் தடுக்கி விழுகின்றன.

படம், கண்காட்சி, சொற்பொழிவு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். செய்வது எளிது, ஒரு மாலைப் பொழுது போதும். வருகிறவர்களில் முக்கால்வாசி ஏற்கெனவே உங்கள் பக்கம் இருப்பவர்கள். படம் முடிந்ததும் மனம் கனத்து வெளியே வருவார்கள். "நான் என்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் அந்தக் கனம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே இறங்கிவிடும். வேறொரு வேலைக்கு ஆள் சேர்க்கப் படம் போடுங்கள். படத்தையே வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கண்காட்சிப் பலகைகளில் "உலகிலேயே இரண்டாவது அதிக மாசு உண்டாக்கும் தொழில் ஆடைத் தொழில்" என்று எழுத எல்லோருக்கும் ஆசை. அந்த வாக்கியம் ஆண்டுக்கணக்கில் மேடைக்கு மேடை சொல்லப்பட்டது. தேடிப் போனவர்களுக்கு அதன் அடியில் எந்த ஆய்வும் கிடைக்கவில்லை. ஒரு தவறான எண்ணைப் பிடித்துவிட்டால் எதிராளி உங்கள் சரியான எண்களையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். இந்தத் தொழிலில் உண்மையான எண்களே போதிய அளவு கடுமையானவை.

துணி மாற்றும் நாள்

கூட்டம் சேர்ப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. படத்துக்கு வராதவர்கள் இதற்கு வருவார்கள். அலமாரியில் தூங்கும் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்து வேறொன்றை எடுத்துப் போவது ஜாலியான விஷயம். பொத்தான் தைக்க, ஜிப் மாற்ற, கிழிசலை மறைக்கச் சொல்லித்தர இரண்டு பேரை உட்கார வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

சூழல் பக்கத்திலிருந்து பார்த்தால் இதற்கு நல்ல நியாயம் உண்டு. 2000-லிருந்து 2015-க்குள் உலகில் ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானது. அதே காலத்தில் ஒரு துணியைத் தூக்கிப் போடுவதற்கு முன் உடுத்தும் தடவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட கணக்கு இது. ஆடை செய்யப் பயன்படும் பொருளில் ஒரு சதவீதம்கூட மறுபடி ஆடையாவதில்லை என்றும் அதே கணக்கு சொல்கிறது. மறுசுழற்சிப் பெட்டியில் போட்டுவிட்டோம் என்ற நிம்மதிக்கு ஆதாரம் குறைவு. இருப்பதை இன்னும் இரண்டு வருடம் போடுவதுதான் கையில் உள்ள உறுதியான வழி.

ஆனால் நான் உதவி செய்த ஒரு துணி மாற்றும் நாளில் பார்த்தது இது: ஒரு சட்டையோடு வந்தவர்கள் நாலோடு போனார்கள். மாலை முடிவில் யாரும் சீண்டாத ஏழு மூட்டை மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. "எங்கேயாவது கொடுத்துவிடலாம்" என்றார் ஒருவர். அந்த "எங்கேயாவது" பல நேரம் கானாவின் தலைநகர் ஆக்ராவில் உள்ள கன்டமான்டோ சந்தை போன்ற ஒரு இடம். பணக்கார நாடுகளின் பழைய துணி பேல் பேலாக (அழுத்திக் கட்டிய பெரிய பொதிகளாக) அங்கே இறங்குகிறது. பேலைப் பிரித்துப் பார்க்காமல்தான் வியாபாரி பணம் கொடுக்க வேண்டும். உள்ளே விற்கத் தகாதது எவ்வளவு என்பது அவர் அதிர்ஷ்டம். விற்காதது வாய்க்காலுக்கும் கடற்கரைக்கும் போகிறது. தரமில்லாத துணி மிஞ்சினால் அதைத் துடைப்புத் துணியாக வெட்டிக்கொள்ள முன்கூட்டியே ஆள் பாருங்கள். மூட்டை கட்டி அனுப்பாதீர்கள்.

தைப்பவருக்கு இதனால் என்ன? நேரடியாக ஒன்றுமில்லை. மாறாக, "எல்லாரும் வாங்குவதைக் குறைத்தால் அவர்கள் வேலை போகாதா?" என்று யாராவது கேட்பார்கள். இது நியாயமான கேள்வி, இதை மழுப்பக் கூடாது. கடையில் விற்கும் ஒரு சாதாரண உடையின் விலையில் தைத்தவரின் கூலி பொதுவாக மூன்று சதவீதம் அல்லது அதற்கும் கீழே. கூலியை இரட்டிப்பாக்கினாலும் கடை விலை பெரிதாக ஏறாது. குறைந்த எண்ணிக்கையில், நல்ல கூலியில் தைப்பது கணக்குப்படி முடிகிற காரியம்தான். ஆனால் அது தானாக நடக்காது. நீங்கள் வாங்காமல் விட்ட சட்டையின் பணம் எந்த வழியிலும் அந்தத் தையல் மிஷினுக்குப் போய்ச் சேராது. முதல் இரண்டு கேள்விக்கும் இந்த யோசனையிடம் பதில் இல்லை. இதை வாசலாக வைத்துக்கொள்ளலாம். வீடு வேறு கட்ட வேண்டும்.

லேபிள் கையேடு

இதில்தான் நான் அதிக நேரம் வீணாக்கினேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கையேடு போடும் ஆசை புதிதல்ல. அமெரிக்காவில் தேசிய நுகர்வோர் சங்கம் 1899-இல் தொடங்கியபோதே ஒரு வெள்ளை முத்திரையைக் கொண்டுவந்தது. குழந்தைத் தொழில் இல்லை, சட்டத்தை மீறிய வேலை நேரம் இல்லை என்று பரிசோதித்த ஆலைகளின் உள்ளாடைகளில் அது தைக்கப்பட்டது. வீட்டுப் பெண்கள் அந்த முத்திரை பார்த்து வாங்கினார்கள். 1918-இல் அது கைவிடப்பட்டது. அந்த இடைவெளியில், 1911-இல், நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதற்குப் பிறகு ஆலைகளை மாற்றியது தொழிற்சங்கங்களின் போராட்டமும், விசாரணை ஆணையமும், அது பெற்றுத்தந்த சட்டங்களும்.

இன்றைய முத்திரைகளுக்கு வருவோம். எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. வாங்குகிறவர் அதைப் பெரிய கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்கிறார். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்ற முத்திரை, துணியில் உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் வரம்புக்குள் இருக்கிறது என்கிறது. அது உங்கள் தோலுக்கான உத்தரவாதம். தைத்தவருடைய கூலியைப் பற்றி அது பேசவே இல்லை. காட்ஸ் எனப்படும் உலக இயற்கை நூலிழைத் தரம் இன்னும் அகலமானது. குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண் இழை வேண்டும், சாயம் முதல் தையல் வரை சூழல், தொழிலாளர் நிபந்தனைகள் உண்டு. ஃபேர்டிரேட் பருத்தி முத்திரை முக்கியமாகப் பருத்தி விளைவித்த விவசாயியைப் பற்றியது. அந்தப் பருத்தியைத் துணியாக்கித் தைத்தவர் வேறு ஆள். பெட்டர் காட்டன் சின்னம் நீண்ட காலம் கலப்புக் கணக்கில் ஓடியது: அந்த நிறுவனம் அத்தனை அளவு பருத்திக்கு ஆதரவு தந்திருக்கிறது என்றுதான் பொருள். உங்கள் கையில் உள்ள சட்டையில் அந்தப் பருத்தி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதெல்லாம் தெரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால் என்னை நிறுத்திவைத்தது கராச்சி. 2012 செப்டம்பர் 11-ஆம் தேதி அலி என்டர்பிரைசஸ் என்ற ஆலையில் தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேற வழியில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை எஸ்.ஏ. 8000 என்ற சான்றிதழைப் பெற்றிருந்தது. தொழிலாளர் நலனுக்கென்றே உருவான, உலகில் மிகவும் மதிக்கப்பட்ட சான்றிதழ்களில் ஒன்று அது.

ஆடிட் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் ஆச்சரியம் குறையும். பெரும்பாலும் செலவை ஆலையோ பிராண்டோ ஏற்கிறது. வருகிற தேதி பல சமயம் முன்பே தெரியும். ஒரு நாளோ இரண்டு நாளோ இருப்பார்கள். சம்பளப் பதிவேட்டில் ஒரு கணக்கும் மேஜை டிராயரில் இன்னொன்றும் வைத்திருக்கும் ஆலைகள் உண்டு. தொழிலாளியை ஆலைக்குள்ளேயே வைத்துக் கேட்டால் சூப்பர்வைசரைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். ஆர்டரின் ஒரு பகுதி சத்தமில்லாமல் சப்-கான்ட்ராக்டுக்குப் போயிருந்தால் ஆடிட்டர் அந்த இடத்தையே பார்த்திருக்க மாட்டார்.

சரி, அப்போது கையேடு வேண்டாமா? ஒரு பக்கத்தில் போடுங்கள். எந்த முத்திரை எதைச் சொல்லவில்லை என்று மட்டும் எழுதுங்கள். நாங்கள் முப்பது பக்கம் எழுதினோம். அச்சாகி வந்தபோது அதில் பாதி பழசாகிவிட்டது. வாங்கிப் படித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

புறக்கணிப்பு

ரத்தம் சூடாகும் யோசனை இது. கூட்டத்தில் இளையவர்கள் இதைத்தான் கேட்பார்கள். இதில் முதல் கேள்வியை (தொழிலாளர்கள் கேட்டார்களா?) விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு தெளிவான பாடம் வைத்திருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில், குழந்தைகள் உழைத்துச் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதா வந்தது. அது சட்டம்கூட ஆகவில்லை. பயந்துபோன வங்கதேச ஆலைகள் குழந்தைகளை அவசரமாக வெளியே அனுப்பின. யுனிசெஃப் 1997-இல் தந்த கணக்கில் சுமார் 50,000 பேர். நோக்கம் நல்லதுதான். ஆனால் பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல்லுடைக்கவும் தெருவில் விற்கவும் அதைவிட மோசமான இடங்களுக்கும் போனார்கள். 1995-இல் ஆலை அதிபர்களும் யுனிசெஃபும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து பள்ளியும் உதவித்தொகையும் ஏற்பாடு செய்து ஒப்பந்தம் போட்ட பிறகுதான் நிலைமை ஒழுங்குக்கு வந்தது.

எதிர்ப்பக்கம் உஸ்பெகிஸ்தான். அங்கே பருத்தி பறிக்க அரசே ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் மாணவர்களையும் கட்டாயமாக வயலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நாட்டின் உரிமைச் செயல்பாட்டாளர்களே புறக்கணிப்பைக் கேட்டார்கள். 300-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் உஸ்பெக் பருத்தியை வாங்க மாட்டோம் என்று உறுதிமொழி கொடுத்தன. பத்தாண்டுக்கும் மேல் ஆனது. அரசின் கட்டாய உழைப்பு முறை முடிந்தது என்று கண்டறிந்த பிறகு, 2022 மார்ச்சில் பிரச்சாரக் குழு புறக்கணிப்பை விலக்கிக்கொண்டது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டாவதில் பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. என்ன நடந்தால் புறக்கணிப்பு முடியும் என்பது முதலிலேயே தெளிவாக இருந்தது. குற்றவாளி ஒரு அரசு. தொழிலாளியால் அங்கே சங்கம் வைத்துப் பேரம் பேச முடியாது, ஆகவே வெளியிலிருந்து அழுத்தம் தவிர வேறு வழியில்லை. சாதாரண ஆலை விஷயத்தில் நிலைமை இப்படி இருப்பதில்லை. அங்கே போராடுகிறவர்கள் பெரும்பாலும் "எங்கள் ஆர்டரை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள், இங்கேயே இருந்து நிலைமையைச் சரிசெய்யுங்கள்" என்றுதான் கேட்கிறார்கள். பத்துப் பேர் குழு ஒன்று தானாகப் புறக்கணிப்பை அறிவிப்பது வேண்டாம். யாராவது அழைத்தால் சேருங்கள்.

பிராண்டைக் கேட்பது

ராணா பிளாசாவுக்குப் பிறகு கேரி சாமர்ஸ், ஒர்சோலா டி காஸ்ட்ரோ இருவரும் ஃபேஷன் ரெவல்யூஷன் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். சட்டையைத் திருப்பிப் போட்டு லேபிள் தெரியப் படமெடுத்து, "என் துணியைத் தைத்தது யார்?" என்று பிராண்டைக் கேட்பது அதன் அடையாளம். கேள்வி எளிமையானது, அதனால் பரவியது. பல பிராண்டுகள் தங்கள் ஆலைப் பட்டியலை வெளியிட ஆரம்பித்தன. பட்டியல் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு ஆலையில் பிரச்சினை வந்தால், அங்கே யாருடைய ஆர்டர் ஓடுகிறது என்று தொழிற்சங்கத்துக்குத் தெரிந்தால்தான் யாரைக் கேட்பது என்று புரியும். இடிபாடுகளுக்குள் லேபிள் பொறுக்கி யார் வாங்கினார்கள் என்று கண்டுபிடித்த காலம் ஒன்று இருந்தது.

ஆனால் பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். 2013-இல் எச்&எம் நிறுவனம், தனக்குத் தைத்துத் தரும் ஆலைகளின் சுமார் 8,50,000 தொழிலாளர்களுக்கு 2018-க்குள் வாழப் போதுமான கூலி என்ற இலக்கை அறிவித்தது. கைதட்டல் கிடைத்தது. 2018-இல் கிளீன் கிளோத்ஸ் பிரச்சாரக் குழு ஆலைகளில் பேசிப் பார்த்துவிட்டு, அந்த வாக்கு நிறைவேறவில்லை என்றது. நிறுவனம் அதை வேறுவிதமாக விளக்கியது. யாருக்கும் எந்த அபராதமும் இல்லை, ஏனென்றால் அது அறிவிப்பு மட்டுமே.

கோரிக்கை குறிப்பாக இருந்தபோது கதை வேறு. ராணா பிளாசா இழப்பீட்டு நிதிக்கு மூன்று கோடி டாலர் தேவைப்பட்டது. அந்த ஆலைகளில் ஆர்டர் கொடுத்த பெனட்டன் பணம் தராமல் இருந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். 2015-இல் அது பணம் கொடுத்தது. அந்த ஆண்டு ஜூனில் நிதியும் நிறைவடைந்தது. 2020-இல் கொரோனா வந்ததும் பிராண்டுகள் தைத்து முடித்த ஆர்டர்களுக்குக்கூடப் பணம் தர மறுத்தன. "பே அப்" என்று இரண்டே சொல்லில் ஒரு கோரிக்கை எழுந்தது. தைத்ததற்குக் காசு கொடு, அவ்வளவுதான். பெரிய பெயர்கள் பல இறங்கிவந்தன.

மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லும் உதாரணம் அந்த வங்கதேச ஒப்பந்தம். பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து சட்டப்படி கட்டுப்படும் ஆவணத்தில் கையெழுத்திட்டன. 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகள் பரிசோதிக்கப்பட்டன. அறிக்கைகள் வெளிப்படையாக வந்தன. திருத்தம் செய்யாத ஆலைக்கு எல்லாக் கையெழுத்துப் பிராண்டுகளின் ஆர்டரும் நிற்கும். பிராண்டே வாக்குத் தவறினால்? சங்கங்கள் இரண்டு பிராண்டுகளை ஹேக் நகர நடுவர் மன்றத்துக்கு இழுத்தன. அதில் ஒன்று 20 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட சிறு நாடான லெசோத்தோவில் 2019-லும் திண்டுக்கல்லில் 2022-லும், பெண் தொழிலாளர்கள் மீதான பாலியல் கொடுமையைத் தடுக்க இதே மாதிரியில் ஒப்பந்தங்கள் வந்தன. இரண்டிலும் சங்கம் ஒரு பக்கம், பிராண்டு மறுபக்கம். ஆலை தவறினால் ஆர்டர் போகும்.

அப்படியானால் இதில் உங்கள் பத்துப் பேருக்கு என்ன இடம்? நீங்களாகப் புதுக் கோரிக்கை கண்டுபிடிக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் சேருங்கள். சங்கங்கள் கேட்கும் அதே வாசகத்தை, அதே நிறுவனத்திடம், அதே வாரத்தில் கேளுங்கள். சோர்வு தரும் வேலைதான். பதில் வராத கடிதங்கள்தான் அதிகம். பத்துப் பேரின் குரல் தனியாகக் கேட்காது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் சொந்த ஆர்டர்

இப்போது அந்த ஓரத்து நண்பரின் டி-ஷர்ட் கேள்வி.

கல்லூரி விழா, ஓட்டப் பந்தயம், நிறுவன ஆண்டு நாள், பள்ளிச் சீருடை, விளையாட்டு அணி. மொத்தமாகத் துணி வாங்காத நிறுவனமே அபூர்வம். அங்கே நீங்கள் ஒரு தனி வாடிக்கையாளர் இல்லை. ஆர்டர் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

இதன் பலம் தெரிய ஹோண்டுராஸைப் பார்க்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெயர் பொறித்த உடைகளைத் தைத்த ரஸல் நிறுவனத்தின் ஆலை ஒன்று அங்கே சோலோமாவில் இருந்தது. தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 2009 ஜனவரியில் ஆலை மூடப்பட்டது. மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழக நிர்வாகங்களைப் பிடித்தார்கள். "நம் பெயரைப் போட உரிமம் கொடுத்தது நீங்கள். ஒப்பந்தத்தில் தொழிலாளர் நெறி இருக்கிறது. அது மீறப்பட்டிருக்கிறது" என்றார்கள். ஏறக்குறைய நூறு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தத்தை முறித்தன அல்லது நிறுத்தின. அதே நவம்பரில் நிறுவனம் இறங்கிவந்து, சுமார் 1,200 பேருக்கு மறுபடி வேலை தருவதாகவும் சங்கத்தை ஏற்பதாகவும் ஒப்பந்தம் செய்தது. கேட்டது தொழிலாளர்கள். கையெழுத்து நிறுவனத்துடையது. தவறினால் நூறு வாடிக்கையாளர்கள் போவார்கள். மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது.

உங்கள் இடத்தில் இவ்வளவு பெரிய உரிமம் இருக்காது. ஐந்நூறு டி-ஷர்ட் இருக்கலாம். பரவாயில்லை. கொள்முதல் செய்பவரிடம் போய், யாரிடம் வாங்குகிறோம், அவர் எங்கே தைக்கிறார், ஆலையின் பெயரும் முகவரியும் எழுத்தில் தர முடியுமா, அங்கே சங்கமோ தொழிலாளர் குழுவோ உண்டா என்று கேளுங்கள். "இடைத்தரகர் மூலம் வருகிறது, தெரியாது" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். அந்தப் பதிலையே ஒரு பலகையில் எழுதி வைத்தால், ஆவணப்படத்தைவிட அதிகப் பேர் நின்று படிப்பார்கள். அது அவர்கள் போட்டிருக்கும் சட்டையைப் பற்றியது.

இதில் இன்னொன்றும் புரியும், எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. விழாவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு டிசைன் முடிவாகும். ஒன்பது நாள் முன்பு யாரோ நிறத்தை மாற்றுவார்கள். மூன்று இடத்தில் விலை கேட்டுக் குறைவானதைப் பிடிப்போம். நாள் தள்ளக் கூடாது என்று மிரட்டுவோம். பெரிய பிராண்டுகள் ஆலைகளிடம் செய்வதும் இதேதான். அளவு மட்டும் பெரிது. குறைந்த விலை, குறுகிய கெடு, கடைசி நேர மாற்றம். இந்த மூன்றும் சேர்ந்து ஆலைக்குள் கட்டாய ஓவர்டைமாக, ஏறிக்கொண்டே போகும் மணிநேர டார்கெட்டாக, யாருக்கும் தெரியாத சப்-கான்ட்ராக்டாக மாறுகின்றன. ஆலை முதலாளி கெட்டவராக இருந்தால்தான் இது நடக்கும் என்பதில்லை. அதனால் நீங்கள் எழுதும் கொள்முதல் விதியில் ஆலை என்ன செய்ய வேண்டும் என்பதோடு நாம் என்ன செய்ய மாட்டோம் என்பதும் இருக்கட்டும்: டிசைனை ஆறு வாரம் முன்பே முடிப்போம், முடித்த பிறகு மாற்ற மாட்டோம், குறித்த நாளில் பணம் கொடுப்போம், போன ஆண்டு மிஞ்சியது இருந்தால் புதிதாக அடிக்க மாட்டோம்.

குறையும் உண்டு. இது மெதுவான வேலை, கமிட்டி வேலை. படமெடுத்துப் போட ஒன்றுமில்லை. கொள்முதல் அதிகாரி மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சப்ளையர் கொடுத்த முகவரி உண்மையா என்று பார்க்க உங்களால் ஆலைக்குப் போக முடியாது. தொழிலாளர் அமைப்பு ஏதாவது ஒன்றோடு தொடர்பு இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு ஆடிட் காகிதமாகிவிடும். உங்கள் நிறுவனம் மொத்தமாக எதுவுமே வாங்குவதில்லை என்றால் இந்த வழியே இல்லை.

எதை எடுப்பது

உங்கள் குழு ஏதாவது நிறுவனத்துக்குள் இருந்தால், என் ஓட்டு சொந்த ஆர்டருக்கு. ஆறு மாதத்தில் ஒரு பக்கக் கொள்முதல் விதியில் ஒரு அதிகாரியின் கையெழுத்து வாங்குவது நடக்கிற காரியம். நிறுவனம் எதுவும் இல்லாத நண்பர் வட்டமாக இருந்தால், நடந்துகொண்டிருக்கும் ஒரு குறிப்பான கோரிக்கையில் சேர்வது. அதோடு சட்டத்தையும் கவனிக்கலாம். பிரான்ஸ் 2017-இல் பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களிடம் நடக்கும் உரிமை மீறல்களையும் கவனித்துத் தடுக்க வேண்டும் என்ற கடமையைச் சட்டமாக்கியது. 2022-இல் அமலுக்கு வந்த கலிஃபோர்னியாவின் சட்டம் ஆடைத் தொழிலில் பீஸ் ரேட்டை (தைத்த எண்ணிக்கைப்படி கூலி தருவதை) தடை செய்து, கூலி பாக்கிக்குப் பிராண்டையும் பொறுப்பாக்கியது. ஆனால் சட்டம் ஆறு மாத வேலையில்லை.

கையில் இரண்டு மாதம்தான், ஆளும் குறைவு என்றால் துணி மாற்றும் நாளையே வையுங்கள். நுழையும்போது ஒவ்வொருவரும் தன் சட்டையின் லேபிளைப் பார்த்து நாட்டின் பெயரைச் சுவரில் எழுதட்டும். வெளியேறும் இடத்தில், சங்கங்கள் நடத்திக்கொண்டிருக்கும் ஒரு கோரிக்கையின் மனு இருக்கட்டும். புறக்கணிப்பும் லேபிள் கையேடும் என் பட்டியலில் கடைசி.

முதல் வாரத்து வேலை ஒன்றே ஒன்று. போன ஆண்டு அடித்த டி-ஷர்ட்டின் பில்லைத் தேடி எடுங்கள். எங்களுக்கு அதைக் கண்டுபிடிக்கவே பதினோரு நாள் ஆனது. பில்லில் சப்ளையர் பெயர் இருந்தது, அளவு இருந்தது, அச்சு நிறம்கூட இருந்தது. தைத்த இடம் என்று ஒரு கட்டமே அந்தப் படிவத்தில் இல்லை. அடுத்த படிவத்தில் அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லித்தான் எங்கள் முதல் கடிதம் போனது.